கோலப்புள்ளியில் துளை போடு, தங்கச்சி

ஸ்க்ரோல் சா என்னும் மெல்லிய ரம்ப மிஷினில் அறுத்த மயில், பிள்ளையார், வேல், வீட்டுப் பெயர்ப் பலகை என்று போனில் படமாக வந்து குவிகிறது. பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் என்ன மரம், எத்தனை மில்லி கனம், எந்த நம்பர் பிளேடு, எந்த மூலையில் பிய்ந்துபோகப் பார்த்தது என்று ஒரு வரிகூட அதில் இருப்பதில்லை. புதிதாக மிஷின் வாங்கிய பிள்ளை அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதனால் நீ எதை அறுத்தாலும், அடுத்தவருக்கு அனுப்பும்போது படத்தோடு ஒரு சீட்டும் எழுதி அனுப்பு. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி மாதிரி ஊரில் இந்த வேலையைப் பக்கத்தில் போய்க் கேட்டுக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். ஒருத்தருக்கொருத்தர் எழுதி அனுப்புவதுதான் நமக்குப் படிப்பு.

சீட்டில் முதல் வரி பிளேடு. 5 அங்குல நீளமுள்ள இதில் இரண்டு வகை உண்டு. நுனியில் குறுக்கே சின்ன ஊசி குத்தியது ஒன்று, நுனி தட்டையாக இருப்பது இன்னொன்று. ஊசி வைத்ததை உள்ளே நுழைக்கவே பெரிய துளை வேண்டும். நுணுக்க வேலைக்கு ஆகாது. மிஷின் வாங்கும் முன்பே, தட்டை நுனி பிளேடு மாட்டலாமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடு. நம்பர் கூடக் கூடப் பிளேடு தடிக்கும். 3, 4 மில்லி பிளைவுட்டுக்கு 2ஆம் நம்பர், 6 மில்லிக்கு 3 அல்லது 5, முக்கால் அங்குலப் பலகைக்கு 5 முதல் 7 வரை. கீழே உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கித் திரும்பியிருக்கும் ரிவர்ஸ் டூத் பிளேடு வாங்கினால் அடிப்பக்கம் சிலாம்பு கிளம்பாது. உப்புத்தாள் தேய்க்கும் நேரமும் குறையும்.

உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் எது 2, எது 5 என்று கண்ணால் சொல்ல முடியாது. வாங்கிய அன்றே ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு நிறமாக நுனியில் நெயில் பாலிஷ் வைத்துவிடு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இருக்கிற பிள்ளைகள் இன்னொன்றும் செய்ய வேண்டும். உப்புக்காற்றில் பிளேடு துருப்பிடித்துவிடும். தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் வை. அறுக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் மரத்தில் கறை ஏறும். மிஷினின் இரும்பு மேஜைக்கு மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் மெருகேற்று. துருவும் வராது, பலகையும் வழுக்கிக்கொண்டு போகும்.

நேராகத்தான் தள்ளுகிறேன், அறுப்பு மட்டும் வலப்பக்கம் ஓடுகிறது என்று பல பேர் மனம் விட்டுப்போகிறார்கள். அது கைக்கோளாறு இல்லை. பிளேடில் பற்களை வெட்டும்போது ஒரு ஓரத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். பலகையைச் சற்றே திருப்பிப் பிடித்துத் தள்ளினால் கோட்டில் நிற்கும். பிளேடை இறுக்கிய பிறகு விரலால் சுண்டிப் பார். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் இன்னும் இறுக்கு. தையல் தெரிந்த பெண்ணுக்கு இந்த வேலை சீக்கிரம் கைவரும். ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்க நாம் துணியைத் திருப்புகிறோம் இல்லையா, அதே பழக்கம்தான் பலகைக்கும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வீட்டில் பொழுதுபோக்காக அறுப்பவர்களுக்கு விற்ற மிஷின்களும் தையல் மிஷின் போலவே காலால் மிதிப்பவைதான்.

அடுத்து டிசைன். போனில் படமாக அனுப்பினால் அளவு மாறிவிடும். பிடிஎஃப் கோப்பாக அனுப்பு. அதிலும் ஓரத்தில் சரியாக 10 செ.மீ. நீளத்தில் ஒரு கோடு போட்டு வை. வாங்கியவர் ஜெராக்ஸ் கடையில் எடுத்ததும் அந்தக் கோட்டை ஸ்கேலால் அளந்தால், அளவு குறைந்ததா கூடியதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பலகையில் நேராகப் பசை தடவி ஒட்டாதே, பிறகு உரிக்க முடியாது. முதலில் பலகை முழுக்க அகல செல்லோ டேப் ஒட்டி, அதன் மேல் பசைக் குச்சியால் தாளை ஒட்டு. வேலை முடிந்ததும் டேப்பைப் பிடித்து இழுத்தால் தாளும் கூடவே வந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. டேப் இருந்தால் பிளேடு சூடேறி மரத்தைக் கருக்குவது வெகுவாகக் குறையும்.

நமக்கு டிசைனுக்காக வெளியே தேடிப்போக வேண்டியதில்லை. அம்மா வாசலில் போடும் சிக்குக் கோலம் போதும். வெளிநாட்டு டிசைன் புத்தகங்களில் மானும் கிறிஸ்துமஸ் மரமும் நிறைய இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனாலும் ஸ்க்ரோல் சாவுக்கென்றே பிறந்த டிசைன் கோலம்தான் என்பது என் திடமான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன். உள்ளே இருக்கும் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டுமானால் அங்கே ஒரு துளை போட்டு, பிளேடை அதில் நுழைத்து மாட்ட வேண்டும். துளையை எங்கே போடுவது என்பதுதான் புதியவர்களுக்குத் தலைவலி. சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் கோடு சுற்றி வளைத்திருக்கும். பெரும்பாலும் புள்ளிக்கு ஒரு வீடு. ஆக, புள்ளி வைத்த இடம்தான் துளை போடும் இடம். நேர்ப்புள்ளி 5க்கு 5 என்றால் 25 புள்ளி, 25 துளை. புள்ளிகளுக்கு நடுவே புள்ளியில்லாத சின்னக் கட்டங்கள் கொஞ்சம் வரும். அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள். 2ஆம் நம்பர் தட்டை பிளேடுக்கு 1 மில்லி டிரில் பிட் போதும், பழகுகிற வரை ஒன்றரை மில்லி வைத்துக்கொள். துளை போட்டதும் பலகையைத் திருப்பி அடிப்பக்கத்துப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடு. தேய்க்காவிட்டால் பலகை மேஜையில் தட்டித் தட்டி நிற்கும்.

கோலத்தின் கோடு மரத்தில் ஒரு பட்டையாக மாற வேண்டும். 6 மில்லி பிளைவுட்டில் அந்தப் பட்டை 4 மில்லிக்குக் கீழே போகக் கூடாது. தாளில் கோடு ஒன்றை ஒன்று தாண்டும் இடங்களெல்லாம் மரத்தில் ஒட்டியே இருக்கும், அதுதான் அதன் பலம். எப்போதும் நடுவிலிருந்து தொடங்கி வெளியே வா. உள்ளே இருப்பதையெல்லாம் அறுத்து முடித்த பிறகுதான் வெளி விளிம்பு. முதலிலேயே வெளிக்கோட்டை அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது, பட்டை ஆடும், ஒடியும். நாலு பேருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் 3 மில்லி பிளைவுட் நாலு துண்டை அடுக்கி, ஓரத்தில் டேப்பால் இறுகச் சுற்றி, 5ஆம் நம்பர் போட்டு ஒரே தடவையில் அறு. அடுக்கி அறுத்தால் அடிச்சிலாம்பு கடைசித் துண்டில் மட்டும்தான் வரும்.

பெயர்ப் பலகை கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தமிழ் எழுத்தை அறுப்பதில் கவனம் வேண்டும். எழுத்தைத் துளையாக வெட்டி எடுத்தால் க, ச இரண்டிலும் உள்ளே இருக்கும் மூடிய பகுதி பிடிப்பில்லாமல் விழுந்துவிடும். ண, ன சுழிகளுக்குள் இருப்பதும் அப்படித்தான். எங்கெல்லாம் விழுமோ அங்கெல்லாம் 3 மில்லி அகலத்தில் ஒரு பாலம் விட்டு வரை. எழுத்தைத் தனியாக நிறுத்துவதென்றால் எல்லா எழுத்தும் கீழே ஒரு பட்டையில் ஒட்டியிருக்கட்டும். அப்போது மெய்யெழுத்தின் புள்ளி அந்தரத்தில் நிற்க முடியாது. எழுத்தோடு தொட்டபடி வரைந்துகொள், அல்லது பின்னால் ஒரு பலகை வைத்து அதில் புள்ளியை ஒட்டு. புள்ளி இல்லாமல் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வீட்டு வாசலில் பெயர் பிழையாக நிற்கக் கூடாது. வெளியே மழைபடும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் வாங்கு. ஐ.எஸ். 303 வீட்டுக்குள் வைப்பதற்குச் சரி.

பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைத்தால் நம் மாவட்ட வரைபடத்தை அறு. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் பூகோளம் படிக்கும் பிள்ளைகளுக்காக வரைபடத்தைப் பலகையில் ஒட்டி அறுத்து விற்றார். இன்றைய ஜிக்சா புதிருக்கு அங்கிருந்துதான் தொடக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் 9 தாலுகா: ராமநாதபுரம், ராமேஸ்வரம், திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, கீழக்கரை. எட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அறுத்துவிடலாம். ராமேஸ்வரம்தான் சோதிக்கும். அரிச்சல்முனை நோக்கி நீளும் தனுஷ்கோடி வால் அவ்வளவு மெலிசு. மரப்பலகையாக இருந்தால் ரேகை அந்த வாலின் போக்கிலேயே ஓடும்படி டிசைனை ஒட்டு. ரேகை குறுக்கே போனால் பிள்ளை கையில் எடுத்த மறுகணம் ஒடியும். 6 மில்லி பிளைவுட்டானால் வாலை வரைபடத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் தடிப்பாக வரைந்துகொள். 6 மில்லியானாலும் இதற்கு மட்டும் 2ஆம் நம்பர் பிளேடுதான் போட வேண்டும், தடித்த பிளேடில் தாலுகாவுக்கும் தாலுகாவுக்கும் நடுவே சந்து விழும். 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் சின்னத் துண்டைக் கொடுக்காதே, வாயில் போட்டுக்கொள்ளும்.

பாம்பன் பாலத்தையும் ஒருநாள் செய்துபார். 1914இல் திறந்த பழைய பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் இரண்டிலும் இரும்புச் சட்டங்கள் முக்கோண முக்கோணமாக வரும். கூர்மூலைக்கு நல்ல பயிற்சி. ஒரு பக்கத்திலிருந்து மூலை வரை போய், பின்வாங்கி, மறுபக்கத்திலிருந்து அதே மூலைக்கு வந்து சேர். மூலையில் வைத்து அவசரமாகத் திருப்பினால் முனை உருண்டுவிடும்.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. வெட்டியதெல்லாம் கரிமூட்டத்துக்குப் போகிறது. அந்த மரம் நிலத்துக்குச் செய்திருக்கும் கெடுதலை யாரும் மறுக்க முடியாது. அதை வளர்க்கச் சொல்லவில்லை. எப்படியும் வெட்டுகிறார்கள், மூட்டத்தில் அடுக்கும் முன் தடித்த கட்டையாக ஒன்றைக் கேட்டு வாங்கு என்கிறேன். இதன் நெருங்கிய உறவான மரத்தை டெக்சாஸில் மெஸ்கீட் என்று சொல்லித் தரைக்கும் நாற்காலி மேஜைக்கும் போடுகிறார்கள். காய்ந்த பிறகு சுருங்குவதும் விரிவதும் மிகக் குறைவு என்பதுதான் அதன் மதிப்பு. நமக்கு நீளமான பலகை கிடைக்காது, கட்டை கோணலாகத்தான் இருக்கும். ஸ்க்ரோல் சா வேலைக்குக் கையகலத் துண்டு போதுமே. அறுத்த முனைகளில் பெயிண்ட் அடித்து நிழலில் காயவை, வெயிலில் போட்டால் வெடிக்கும். மேலே வெளிறி இருக்கும் பகுதியை வண்டு துளைக்கும், உள்ளே வைரம் பாய்ந்த செம்பழுப்புப் பகுதியை மட்டும் எடு. 10 மில்லி கனத்துக்கு மேல் போகாதே. கெட்டியான மரம், 7ஆம் நம்பர் போட்டு வேகத்தைக் குறைத்து மெதுவாகத் தள்ளு. முள் ஏறினால் சீழ் வைக்கும், கையுறை போட்டுக்கொண்டுதான் கட்டையைத் தூக்க வேண்டும். மிஷினில் உட்காரும்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிடு.

சாயமே பூசாமல் பல மர நிறங்களைச் சேர்த்து ஒரு படம் செய்யலாம். மஞ்சணத்தி மஞ்சளுக்கு, பூவரசு அடர்பழுப்புக்கு, சீமைக்கருவேலம் செம்பழுப்புக்கு. புவிசார் குறியீடு பெற்ற மைசூர் ரோஸ்வுட் இன்லேயில் இதைத்தான் செய்கிறார்கள். நிற நிறமான மரத்தகடுகளை மெல்லிய ரம்பத்தால் உருவம் உருவமாக அறுத்து, பலகையில் அதற்கென்று குழித்த இடத்தில் பதிக்கிறார்கள். மரப்பட்டறை அண்ணனிடம் கேட்டால் பூவரசு, வேம்புக் கழிவுத் துண்டுகள் தருவார். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், அதை அறுக்கும்போது மாஸ்க் இல்லாமல் உட்காராதே. பனை மட்டும் வேண்டாம். நார் நாராகப் பிரியும், நுணுக்கம் நிற்காது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இலேயே அரசு அறிவித்திருக்கிறது.

உட்காரும் முன் வளையலைக் கழற்று, பின்னலைக் கொண்டை போடு, துப்பட்டாவை உள்ளே செருகு. பிளேடு அறுந்தால் துண்டு தெறிக்கும், கண்ணாடி கட்டாயம். விரலைப் பிளேடுக்கு நேர் முன்னால் வைக்காதே, இரண்டு பக்கமும் வைத்துத் தள்ளு. பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடு.

கடைசியாக, பகிர்வதில் ஒரு ஒழுங்கு வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிசைனை நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்பாதே, வரைந்தவருடைய பிழைப்பு அது. யார் எங்கே விற்கிறார்கள் என்று சொல்லிவிடு, வேண்டியவர் வாங்கிக்கொள்வார். கோலம் பொதுச்சொத்து, அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடு. பிளேடை டஜன் கணக்கில் கட்டாகத் தருகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து வரவழைத்துப் பிரித்துக்கொண்டால் கூரியர் செலவு மிச்சம். உடைந்த துண்டையும் படமெடுத்து அனுப்பு, எங்கே உடைந்தது என்று அம்புக்குறி போட்டு. சீட்டின் அடியில் பிளேடு எங்கே வாங்கினாய், என்ன விலை ஆயிற்று என்பதையும் மறக்காமல் எழுது, தாயி. முதுகுளத்தூரிலோ சாயல்குடியிலோ மிஷினை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை முதலில் கேட்கப்போவது அதைத்தான்.