வண்ணமீன் வளர்ப்பு: நீருக்கு ஏற்ற மீன்

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்க்க விரும்பும் அங்கத்தினர் பலரும் முதலில் கேட்பது, "எந்த மீன் அழகானது?" என்பதாகும். அதற்கு முன்னர், "நம் வீட்டு நீர் எத்தகையது?" என்று கேட்டுக்கொள்ளுமாறு நாம் சொல்லுவோம். மண்ணைப் பாராமல் விதை வாங்கும் குடியானவர் இல்லை. மீன் வளர்ப்பிலும் முறை அதுவே. இப்பாடத்தில் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மஞ்சள் மீனை எடுத்துக்கொண்டு, அதை வளர்க்கும் விதத்தையும் குஞ்சு பெருக்கும் விதத்தையும் ஆராய்வோம்.

சிக்லிட் குடும்பம்

இக்குடும்பம் நமக்குப் புதியதன்று. ஏரி குளங்களில் அகப்படும் ஜிலேபிக் கெண்டை இதைச் சேர்ந்ததே. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மீன் 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனும் சிக்லிட்தான். அது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இயற்கையாகவே உரியது. முட்டையையும் குஞ்சையும் கைவிடாது காப்பது இக்குடும்பத்தின் பொதுக் குணம் எனலாம்.

நிறத்துக்குப் பெயர்பெற்ற சிக்லிட் மீன்கள் பல ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழ்கின்றன. மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளும் சூழ்ந்த இவ்வேரி ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமும், மிக ஆழமான இடத்தில் 700 மீட்டர் ஆழமும் உடையது. இங்குள்ள நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்களுள் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. ஏரியின் தென்பகுதியில் உள்ள தேசியப் பூங்கா 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

நாம் எடுத்துக்கொண்ட மீன் இவ்வேரியின் பாறைக் கரைகளில் வாழ்வது. விஞ்ஞானப் பெயர் லாபிடோக்ரோமிஸ் செருலியஸ். கடைகளில் 'எலெக்ட்ரிக் எல்லோ' என்று விற்பார்கள். 'செருலியஸ்' என்றால் நீலம் என்று பொருள். மஞ்சள் மீனுக்கு நீலப் பெயரா என்று வியக்க வேண்டாம். ஏரியின் வேறு கரைகளில் இதே மீன் நீலம் கலந்த வெண்மையாக இருக்கிறது. வளர்ந்த மீன் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தன் ஏரியின் மற்றப் பாறை மீன்களை நோக்க இது சாந்தமானது. ஆதலின் புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது.

நீர்

கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காது. சாயமும் ஒரே சீராக ஏறாது. நெசவாளர்கள், முக்கியமாகச் சாயம் தோய்ப்பவர்கள், இதை நன்கு அறிவார்கள். சாயத்துக்குப் பகையான அந்த நீரே இம்மீனுக்கு நட்பு. மலாவி ஏரி நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். எண் 7.7 முதல் 8.6 வரை. இம்மீன் நம் ஆழ்குழாய்க் கிணற்றுக் கடின நீரையும் பொறுத்துக்கொள்ளும். தென் அமெரிக்காவின் மென்னீரில் பிறந்த டிஸ்கஸ் போன்ற மீனை அதே நீரில் வளர்க்க முற்பட்டால் செலவும் ஏமாற்றமுமே மிஞ்சும்.

கடின நீர் வேறு, நாவில் கரிக்கும் உப்பு நீர் வேறு என்பதை மறத்தல் கூடாது. சாயக் கழிவு ஊறிய கிணற்று நீரை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. குளோரின் கலந்த குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பின்னர் ஊற்றுக.

தொட்டி

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் கொள்ளும். நீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 300 கிலோவுக்கு மேல் நிற்குமாகையால், தாங்கும் மேடை சமமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். வெயில் நேராக விழும் இடம் ஆகாது. கற்களை முதலில் அடியில் பொந்துகள் அமையுமாறு அடுக்கி, பிறகே மணல் பரப்புக. மணலின்மேல் கல் வைத்தால், மீன் மணலைத் தோண்டும்போது கல் சரிந்து கண்ணாடி உடையும். காற்றுப் பம்பும் ஸ்பாஞ்சு வடிகட்டியும் அவசியம். நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு இருப்பது நலம். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். ஆகவே கோடையில் உணவைக் குறைத்துக் காற்றைக் கூட்டுக.

தொட்டியைப் பக்குவப்படுத்தல்

பாவுக்குக் கஞ்சியிட்டு உலர்த்தாமல் தறியில் ஏற்றினால் இழை அறும். தொட்டிக்கும் அத்தகைய பக்குவம் உண்டு. எங்கள் முதல் தொட்டியில் நீர் நிரப்பிய மறுநாளே எட்டு மீன்களை விட்டோம். பத்து நாட்களுக்குள் ஐந்து இறந்தன. நோய் என்று கருதி மருந்து வாங்கினோம். அது நோயன்று; எங்கள் அவசரம்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் தொட்டியில் இட்டு வருக. பழகிய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து வைத்தால் காலம் குறையும். நீரைச் சோதிக்கும் திரவங்கள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கின்றன. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை என்று சோதனை காட்டிய பிறகே மீனை விடுக. காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நச்சு அதிகரிக்கும். ஆகவே நம் நீரில் இப்பொறுமை இருமடங்கு அவசியம். பின்னர் வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றி வருதல் போதும்.

மீனும் உணவும்

ஆறு முதல் எட்டு இளமீன்களை ஒருங்கே வாங்கி வளர்ப்பது நல்லது. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற இடம். வளர்ந்தபின் ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண் என வைத்துக்கொள்க. ஆண் பொதுவாகப் பெரியது. அதன் அடித்துடுப்புகள் நன்கு கறுத்திருக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே உணவு, நாளுக்கு இருமுறை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி நன்மை தரும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி கொடுத்தால் வயிறு உப்பி மாளும்.

இனப்பெருக்கம்

இம்மீனின் தாய் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாக்கிறது. பெண் முட்டையிட்டவுடன் அவற்றை வாயில் எடுத்துக்கொள்கிறது. மலாவிப் பாறை மீன்களில் ஆணின் பின்துடுப்பில் முட்டை போன்ற புள்ளிகள் உண்டு. அவற்றையும் முட்டையென்று எண்ணிப் பெண் கவ்வ முயலும்போது ஆணின் விந்து அதன் வாயை அடைந்து முட்டைகள் கருவுறுகின்றன. இப்புள்ளிகளின் பயனை விளக்கி 1962-இல் எழுதியவர் வோல்ஃப்காங் விக்லர் என்னும் விஞ்ஞானி.

தாடை புடைத்தும் உணவை ஏற்காமலும் ஒதுங்கி நிற்கும் பெண்ணை அடைகாக்கும் தாய் என்று அறிக. சுமார் மூன்று வாரங்களில் பத்து முதல் முப்பது வரை குஞ்சுகள் வெளிவரும். பதினைந்து நாட்கள் கழிந்ததும், இரவில் விளக்கணைத்தபின், பதற்றமின்றி அதைத் தனித்தொட்டிக்கு மாற்றுக. அங்கே ஊற்றும் நீர் பெருந்தொட்டியின் நீராகவே இருக்கட்டும். குஞ்சுகளை விட்டபின் தாய்க்கு இரண்டு வாரம் நல்லுணவும் ஓய்வும் அளித்த பிறகே திரும்ப விடுக. தனித்தொட்டி நம் நாற்றங்காலைப் போன்றது. தூளாக்கிய உணவையும், அப்போது பொரித்த ஆர்ட்டீமியாவையும் குஞ்சுகள் முதல் நாளிலேயே தின்னும்.

இதை உபதொழிலாகக் கருதுவோர் கணக்கை நிதானமாகப் போடுக. நான்கு தாய்கள், ஆண்டில் ஐந்து ஈடு, ஈட்டுக்கு இருபது குஞ்சு எனில் காகிதத்தில் 400 ஆகும். தொட்டியில் அவ்வாறு ஆவதில்லை. இளந்தாய் முட்டையை விழுங்கும், மின்சாரம் நிற்கும், குஞ்சு விற்பனைக்கு வளர மாதங்கள் ஆகும். தறியையும் வயலையும் விட்டுவிட்டு நம்பும் தொழிலன்று இது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, ஒரு தொட்டியில் ஒரே மலாவி இனத்தை வளர்க்க வேண்டும். நெருங்கிய இனங்கள் கலந்து குஞ்சு ஈனும். கலப்புக் குஞ்சைத் தூய இனமென்று விற்பது, கலப்பு நூலைப் பட்டென்று விற்பதற்கு ஒப்பாகும். ஒருவர் செய்யும் இத்தவறு அவ்வூரில் மீன் வளர்க்கும் அனைவரின் பெயரையும் கெடுக்கும்.

இரண்டாவது, பூச்சிமருந்து தெளித்த கையைத் தொட்டியில் விடலாகாது. மருந்து கலக்கிய வாளியில் மீனுக்கு நீர் எடுக்கலாகாது. கொசுவுக்கு அடிக்கும் மருந்திலுள்ள பைரித்ராய்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு.

மூன்றாவது, வேண்டாத மீனை ஏரியிலோ கிணற்றிலோ வாய்க்காலிலோ விடலாகாது. நல்லெண்ணத்துடன் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, இன்று உலகின் மிகத் தீய நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. நம் குளத்து மீன்களின் இடத்தையும் இரையையும் அது பறித்தது. தொட்டி ஒருவருடையது, ஏரி ஊராருடையது. மிகுந்த மீனை வளர்க்கும் மற்றோர் அங்கத்தினரிடம் கொடுப்பதே முறை.

நீரை அறிந்து மீனைத் தேர்ந்து, பொறுமையுடன் தொடங்குவோருக்கு இம்மீன் பல்லாண்டு மகிழ்ச்சி தரும். வாயில் குஞ்சைச் சுமந்து மூன்று வாரம் உண்ணாமல் நிற்கும் தாயை நம் குழந்தைகள் ஒருமுறை காண்பதே பெரும் பாடமாகும்.

கூடிப் படிப்போர் விவாதிக்க

1. உங்கள் ஊர்க் கிணற்று நீரில் சவர்க்காரம் எவ்வாறு நுரைக்கிறது? அதற்கு ஏற்ற மீன் யாது?
2. புதுத் தொட்டியில் உடனே மீன் விட்டால் என்ன நேரும்? காரணம் கூறுக.
3. வேண்டாத மீனை ஏரியில் விடுவதால் ஊராருக்கு நேரும் இழப்பு யாது?