வறட்சியில் வேர்முடிச்சுக் கிருமிகள்

விருதுநகர் ஜில்லாவில் அருப்புக்கோட்டை, சாத்தூர் முதலிய பகுதிகளின் கரிசல் பூமிகளில் உளுந்தும் பாசிப்பயறும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே மானாவாரியாக விதைக்கப்படுகின்றன. இப்பயிர்களின் வேர்களிற் காணும் சிறு முடிச்சுகள் நோயின் குறிகள் அல்ல. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கேற்ற உணவாக மாற்றித் தரும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் அவற்றிற் குடியிருக்கின்றன. இக்கிருமிகளை விதையுடன் கலந்து விதைப்பது நல்ல வழக்கமே. எனினும் ஒரே வகைப் பொட்டலம் ஒருவர் நிலத்தில் முடிச்சுகளை நிறைய உண்டாக்க, அடுத்தவர் நிலத்திற் பயனற்றுப் போவதும் உண்டு. இதன் காரணத்தை உணர, வறட்சியின்போது கிருமியின் உடலுக்குள் நிகழ்வது யாதென அறிதல் வேண்டும்.

மண் உலர உலர, எஞ்சிய நீரில் உப்பின் செறிவு மிகுகின்றது. அது கிருமியின் உடல்நீரை வெளியே இழுக்கும். அவ்வேளையிற் கிருமி தன் உடலின் வேலைகளை விரைவில் மாற்றிக்கொள்ள வேண்டும். மூலப் பத்திரம் பெட்டகத்தில் இருக்க, நகலைக் கொண்டு வேலை நடப்பது போல, கிருமியின் பரம்பரைக் குணங்கள் டி.என்.ஏ. என்னும் மூலத்தில் அடங்கியிருக்க, அதன் நகல்களாகிய ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு புரதங்கள் உண்டாகின்றன. இவையன்றி, பெரும்பாலும் புரதம் உண்டாக்காத சிற்றளவான ஆர்.என்.ஏ.க்களும் உள. அவை அவசர உத்தரவைக் கொண்டு ஓடும் தலையாரிக்கு ஒப்பானவை. ஒரு நகலின்மேல் ஒட்டி அவ்வேலையை நிறுத்தும். வேறொரு நகலின் வேலையைத் தொடங்கி வைக்கும்.

இத்தகைய ஒன்றை 1984-ஆம் ஆண்டில் மிசுனோ, சௌ, இனோயே என்னும் ஆராய்ச்சியாளர்கள் ஒரு குடற்கிருமியிற் கண்டு வெளியிட்டனர். சூழலில் உப்பு மிகும்போது, அது வெளித்தோலில் துவாரம் அமைக்கும் ஒரு புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கின்றது. வேர்முடிச்சுக் கிருமிகளிலும் இவ்வாறே உண்டு. குதிரைமசால் வேரில் வாழும் வகையைக் குறித்து 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், என்.எஃப்.இ.ஆர்.1 என்னும் சிறிய ஆர்.என்.ஏ. நீக்கப்பட்ட கிருமிகள் உப்புச் சூழலில் வளர்ச்சி குன்றின. முடிச்சு உண்டாக்கும் திறனும் குறைந்தது. உளுந்தின் கிருமி இதற்கு உறவுடைய வேறொரு வகையாகும்.

ஆயினும் இத்தற்காப்புக்கு எல்லை உண்டு. உத்தரவை நிறைவேற்றக் கிருமிக்குச் சிறிது நீரும் உணவும் அவகாசமும் வேண்டும். கடும் வெயிலில் ஒரேயடியாக உலர்ந்த கிருமியை எவ்வுத்தரவும் காவாது. சிவகாசியின் வறண்ட காற்று தீக்குச்சித் தொழிலுக்கு உதவியது. விதைமேற் பூசிய கிருமிக்கோ அதுவே பகையாகின்றது.

ஆகையால் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பொட்டலத்தைத் தகரக் கொட்டகையிலோ வெயிலிலோ வையாமல், குளிர்ந்த நிழலில் வைத்துக் காலாவதித் தேதிக்குள் உபயோகித்தல் வேண்டும்.

2. ஹெக்டேர் ஒன்றுக்கான விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியிற் கலந்து பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதைக்க வேண்டும்.

3. பூஞ்சாண மருந்து கலப்பதாயின் அதை முதலிற் கலந்து, 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் பூச வேண்டும்.

4. புழுதி விதைப்பில், பூசிய விதை மழைக்காகப் பல நாள் உலர்மண்ணிற் கிடப்பின் கிருமிகள் பெரும்பாலும் மடியும். மண்ணில் ஈரம் கண்டு விதைப்பதே உத்தமம்.

5. தொழு உரம் இட்டு மண்ணின் ஈரம் காத்தல் பயிருக்கும் கிருமிக்கும் ஒருங்கே நன்மை தரும்.

பொட்டலத்தில் உள்ளது உப்பு உரமன்று, உயிர். விதை நெல்லைக் காப்பது போல அதனையும் காப்பவரே முழுப் பலனை அடைவர்.