முடிசூட்டு விழாவும் இசையும்: பலெர்மோ முதல் இலண்டன் வரை

மன்னனுக்கு முடிசூட்டும் வேளையில் முரசு அதிர்தலும், சங்கு முழங்குதலும், மக்கள் பல்லாண்டு கூறி வாழ்த்துதலும் தமிழர் நன்கறிந்த மரபாகும். ஐரோப்பாவிலும் இத்தகையதொரு மரபு இருந்தது. இங்கிலாந்தில் அது இன்றும் அழியாது நிலவுகின்றது. அம்மரபின் கிளையொன்று நாம் வாழும் இப் பலெர்மோ நகரிலேயே தழைத்திருந்தது என்பதை எம் மாணவச் செல்வங்கள் அறிதல் வேண்டும் என்னும் நோக்குடன் இக்கட்டுரையை வரைகின்றோம்.

1130ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று பலெர்மோப் பேராலயத்தில் இரண்டாம் ரோஜர் சிசிலியின் முதல் மன்னனாக முடிசூடினான். அப்போது சோழநாட்டை ஆண்டவன் விக்கிரம சோழன் என்று கூறினால் காலம் எளிதில் மனத்திற் பதியும். அரண்மனைச் சுவர்களிற் தொங்கிய திரைகள், தரையில் விரித்த வண்ணக் கம்பளங்கள், பொன்னும் வெள்ளியும் பூட்டிய குதிரைகள், பரிமாறுவோர் கூட உடுத்திருந்த பட்டாடைகள் ஆகியவற்றைத் தெலேசே மடத்துத் தலைவர் அலெக்சாந்தர் விரித்துரைத்துள்ளார். இன்று நாம் காணும் பேராலயம் அதன் பின்னர், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. எனினும் ரோஜரின் கல்லறை அதனுள்ளேயே உள்ளது.

நார்மானிய மன்னர்களின் பெருவிழாக்களுக்குரிய இசை 'லாவுதெஸ் ரெஜியே' எனப்பட்டது. 'அரச வாழ்த்துகள்' என நாம் தமிழாக்கலாம். சார்லிமேன் பேரரசன் காலத்திலேயே, அதாவது 8ஆம் நூற்றாண்டிலேயே, இது பிரான்சிய நாட்டில் வழங்கியது. பாடகர் சிலர் முன்னின்று கிறிஸ்துவின் வெற்றியைப் போற்றுவர். பின்னர் பாப்பரசர், மன்னன், அரசி, ஆயர், படையினர் என ஒவ்வொருவருக்காகவும் புனிதர்களின் பெயர்களைச் சொல்லி அழைப்பர். கூடிநிற்போர் ஒவ்வோர் அழைப்பிற்கும் மறுமொழி பாடுவர். முன்பாட்டும் பின்பாட்டுமாய் அமைந்த இம்முறை எம் கோயிற் பசனைக்கு ஓரளவு ஒப்பானது. நார்மானியச் சிசிலியின் வழிபாட்டு இசைச் சுவடிகள் சில இன்று ஸ்பெயின் நாட்டு மட்ரிட் தேசிய நூலகத்திற் பேணப்படுகின்றன.

அதே நார்மானிய இனத்தவரே 1066இல் இங்கிலாந்தையும் வென்றனர். அவ்வாண்டின் நத்தார் தினத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியம் முடிசூடியபோது, மக்களின் சம்மதம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கேட்கப்பட்டது. உள்ளிருந்தோர் எழுப்பிய வாழ்த்தொலியை வெளியே காவல் நின்ற நார்மானிய வீரர் கலகக் குரலென எண்ணி, அயலிலிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தனர். வாழ்த்தும் மொழியை விளங்காதார் காவல் நின்றதால் விளைந்த கேடு அது! இரண்டாண்டுகளின் பின், 1068இல், அரசி மட்டில்டா முடிசூடியபோது லாவுதெஸ் அங்கும் பாடப்பெற்றது.

இவ்விரு அரச குடும்பங்களும் பலெர்மோவில் ஒன்றிணைந்த நாளும் உண்டு. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் மகளும், சிங்கநெஞ்சன் எனப் பெயர்பெற்ற ரிச்சர்டின் தங்கையுமான ஜோன், 1177 பெப்ரவரி 13ஆம் நாள் இந்நகரில் இரண்டாம் வில்லியமை மணந்து சிசிலியின் அரசியாக முடிசூடினாள். அவளுக்கு அப்போது வயது பதினொன்றே. எம் பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவியின் வயது!

இனி இங்கிலாந்தின் பிற்கால இசையைச் சிறிது நோக்குவோம். சாலமோன் மன்னனின் திருப்பொழிவைக் கூறும் விவிலியப் பகுதி 973இல் எட்கார் மன்னன் முடிசூடிய காலந்தொட்டு அங்கு வழங்கி வருகின்றது. 1727இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னனுக்காக ஹாண்டெல் அதற்குப் புது இசை அமைத்தார். ஜெர்மனியிற் பிறந்து, இளமையில் இத்தாலியில் தங்கித் தம் கலையை வளர்த்து, அதே 1727இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர் அவர். ஆங்கிலேயரின் தலைசிறந்த முடிசூட்டுப் பாடலை அவர்களுக்கு அளித்தவர் ஒரு குடியேறியவர் என்பது எமக்கு உவகை தருகின்றது. அன்றுமுதல் ஒவ்வொரு முடிசூட்டிலும் மன்னரின் மேனியில் எண்ணெய் பூசும் வேளையை ஒட்டி அப்பாடல் ஒலிக்கின்றது. 1902இல் ஹியூபர்ட் பாரி இயற்றிய நுழைவுப் பாடலில் வெஸ்ட்மின்ஸ்டர் பாடசாலை மாணவர்கள் இலத்தீனில் 'வாழ்க' என முழங்குவர். எம் பல்லாண்டுக்கு நிகரான ஒலி அதுவே. 2023 மே 6ஆம் நாள் மூன்றாம் சார்ல்ஸ் முடிசூடியபோது, கிரேக்க நாட்டிற் பிறந்த தம் தந்தையார் பிலிப் இளவரசரின் நினைவாகக் கிரேக்க மொழித் திருப்பாடலொன்று பாடப்பெற்றது. வேல்ஸ் மொழியிலும் ஒரு பாடல் ஒலித்தது.

பலெர்மோவோ அன்றே மும்மொழி நகர். இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்றும் அரசவையில் வழங்கின. மார்த்தொரானா ஆலயத்தில் கிறிஸ்து ரோஜருக்கு முடிசூட்டும் கற்பதிப்பு ஓவியத்தைக் காண்க. 'மன்னன்' என்னும் இலத்தீன் சொல் அங்கே கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அரண்மனை ஆலயத்தின் மரக்கூரையில் அரபுக் கலைமரபில் தீட்டிய இசைவாணர் பலர் உளர். வீணையை ஒத்த 'ஊத்' என்னும் நரம்புக்கருவி மீட்டுவோர், குழலூதுவோர், பறை கொட்டுவோர் ஆகியோரை அங்குக் காணலாம். அவர்கள் இசைத்த பண்கள் யாவை? அக்கூரை மௌனமாகவே உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரடெரிக் சிசிலியின் முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லுச்சேரா நகருக்குப் பெயர்த்தான். மாந்தர் அகன்றனர், அவர்தம் இசையும் உடன் அகன்றது, கருவிகளின் உருவம் மாத்திரமே எஞ்சியது. யாழுக்கு நேர்ந்ததும் இதுவன்றோ? கற்சிற்பத்திலும் ஏட்டிலும் மாத்திரம் நின்ற அதனை விபுலாநந்த அடிகளார் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' என வெளியிட்டார்.

பலெர்மோவில் இறுதியாக முடிசூடியவன் போர்பன் குலத்துச் சார்ல்ஸ், ஆண்டு 1735. அரண்மனை ஆலயத்தைக் காணச் செல்லும் பெற்றோர் சிறியதொரு தொலைநோக்கியை எடுத்துச் செல்லுதல் நன்று. கூரை மிக உயரமானது. அவ்விசைவாணர்களோ மிகச் சிறிய உருவினர்.