நூல் கணக்கும் மைக்ரான் கணக்கும்: கனமான டையை எங்கே கடையக் கொடுப்பது?

கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு லேத் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்றால், "ரெண்டு நூல் எடுத்துருங்கண்ணே" என்ற பேச்சு காதில் விழும். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர். போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் டிரெய்லரின் அச்சு, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் ஹப் என்று இந்தப் பள்ளத்தாக்கில் உருளுகிற, சுழலுகிற எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருப்பவை இந்தப் பட்டறைகள்தான். வெட்டுவதை நூலில் பேசுகிற அதே மேஸ்திரி, பேரிங் உட்காரும் இடம் வந்ததும் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்து 0.02 மில்லிமீட்டருக்குள் நிறுத்துவார். அந்தக் கையை நான் மதிக்கிறேன்.

ஆனால் தகடு அடிக்கும் பிரஸ் போட்டுவிட்டு, ஒன்றரை டன் டைக்கு உதிரிப் பாகங்களை எங்கே செய்வது என்று யோசிக்கிற ஒருவருக்கு அந்தக் கை மட்டும் போதாது. ஏன் என்பதற்கு ஒரே கணக்கு போதும். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெட்டும் பஞ்சுக்கும் டைக்கும் இடையே ஒரு பக்கத்துக்குத் தகட்டின் கனத்தில் ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். அது 100 மைக்ரான். கைடு பில்லரின் துளை 50 மைக்ரான் நகர்ந்துவிட்டால் ஒரு பக்கம் 50, மறுபக்கம் 150 ஆகிவிடும். வெட்டின தகட்டில் ஒரு ஓரம் வழவழப்பாகவும் மறு ஓரம் கையைக் கிழிக்கிற பிசிறாகவும் வரும். இடைவெளி குறைந்த பக்கத்தில் பஞ்சின் முனை சீக்கிரம் தேயும், சில நேரம் சில்லாக உடையும்.

அதனால் "யாரிடம் பெரிய மெஷின் இருக்கிறது", "யார் கூலி குறைவு" என்ற இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டையின் பாகங்களைப் பிரித்துப் போட்டு, எது எந்தக் கணக்கில் சேரும் என்று முதலில் பாருங்கள். பெரிய அடித்தட்டு நூலில் தொடங்கி மைக்ரானில் முடியும். பில்லர், புஷ், கடினப்படுத்திய வெட்டும் துண்டுகள் ஆகியவை மைக்ரான் கணக்கு. போல்ட், ஸ்பேசர், கிளாம்ப், தூக்குவதற்கான கொக்கிகள் எல்லாம் உள்ளூர்க் கணக்கு.

கடைசி வகையைத் தேனியை விட்டு வெளியே கொண்டு போவது வீண். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஸ்பேசர் உடைந்தால் விடிவதற்குள் கடைந்து தருபவர் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார்.

அடித்தட்டுக்கு வருவோம். 1000க்கு 600, கனம் 80 மில்லிமீட்டர் என்றால் அது ஒன்றே 377 கிலோ. செயின் பிளாக்கில் தூக்கிவிடலாம். ஆனால் மேல்தட்டும் சேர்ந்து முழு டை ஆனபின் அதைப் புரட்டிப் போடுவதற்குக் கிரேன் வேண்டும். கொடுக்கப் போகிற பட்டறையில் முதலில் அண்ணாந்து கூரையைப் பாருங்கள்: கிரேன் இருக்கிறதா, எத்தனை டன் என்று அதில் எழுதியிருக்கிறதா? ஐபோல்ட் துளைகள் டிராயிங்கில் காட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஐபோல்ட்டைச் சாய்வாக இழுத்தால் அதன் தாங்குதிறன் பெரிதும் குறைந்துவிடும். ஆள் அடிபடுவது வெட்டும்போது அல்ல, பெரும்பாலும் புரட்டும்போதுதான்.

கேஸ் கட்டிங்கில் அறுத்து வந்த தட்டுக்குள் இறுக்கம் இருக்கும். ஒரு முகத்தைச் சீவினால் மறு நாள் அது வளைந்து நிற்கும். முரட்டு வேலை முடிந்ததும் 600 டிகிரி அளவில் சூடேற்றி மெல்ல ஆறவிட்டு, அதற்குப் பிறகே இறுதி அளவுக்குப் போக வேண்டும். முரட்டு வேலை வரை மதுரை கப்பலூர்ப் பக்கமோ திண்டுக்கல்லோ போதும். இரண்டும் தேனியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். காலையில் ஏற்றிய வண்டி மாலையில் திரும்பிவிடும்.

பில்லர் துளைகளில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டின் துளைகளையும் ஒரே மெஷினில், ஒரே அடையாள முகத்திலிருந்து அளந்து, முடிந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தே போர் செய்ய வேண்டும். நான் டூல் ரூமில் இருந்த காலத்தில் ஒரு பட்டறை கீழ்த்தட்டை நிழலில் கிடந்த நிலையிலும், மேல்தட்டை வெயிலில் வந்த லாரியிலிருந்து இறக்கிய சூட்டோடும் போர் செய்தது. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். துளைகளுக்கு இடையே 850 மில்லிமீட்டர், சூட்டில் 10 டிகிரி வித்தியாசம். கிட்டத்தட்ட 100 மைக்ரான் தப்பிவிட்டது. பில்லர் இறங்கவே இல்லை. மூன்று நாள் வீணாகி, துளைகளைப் பெரிதாக்கிப் புது புஷ் போட்டுத்தான் ஓட்டினோம். அதிலிருந்து, இறக்கிய தட்டை ஒரு ராத்திரி மெஷின் பக்கத்தில் கிடக்கவிடுவீர்களா என்று கேட்காமல் நான் வேலை கொடுத்ததில்லை.

இந்த வேலைக்குக் கோயம்புத்தூர் போகலாம். சுமார் 200 கிலோமீட்டர். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று பம்புக்கும் பஞ்சாலைக்கும் பாகம் செய்து செய்து ஊறிய கைகள் அங்கே உண்டு. சிறுதொழில் முனைவோரின் கொடிசியா சங்கம் 1969இல் அங்கே தொடங்கியது. அந்த ஊரின் பெரிய வசதி, வி.எம்.சி., வயர்கட், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது. ஒரு வெட்டும் துண்டு நான்கு வாசல் ஏறி இறங்கினாலும் ஊரைத் தாண்டாது. அந்த வசதிக்குள்ளேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. நான்கு வாசலில் எதில் தப்பு நடந்தது என்று பிறகு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் முழுப் பொறுப்பையும் ஒருவரிடமே எழுதிக் கொடுங்கள். மற்ற மூவருக்கும் அவரே வேலை கொடுக்கட்டும். கூலி கொஞ்சம் கூடும். கொடுக்கலாம்.

ஓசூரும், சென்னையை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூரும் கார் தொழிற்சாலைகளுக்கான பெரிய டைகளின் உலகம். உங்கள் டை மூன்று, நான்கு மீட்டர் நீளம் என்றால்தான் அங்குள்ள டபுள் காலம் மெஷின்கள் தேவைப்படும். சிறிய வேலைக்கு அவ்வளவு தூரம் போனால் பெரிய ஆர்டர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேரும். ஐதராபாத்தில் 1968இல் தொடங்கிய மத்திய அரசின் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் போன்ற இடங்கள் வெளி வேலையும் எடுக்கின்றன. புதிதாக டை வடிவமைக்க அவற்றை நாடலாம். தேய்ந்த துண்டை மாற்ற அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வெட்டும் துண்டுக்குப் பட்டறைகள் எச்.சி.எச்.சி.ஆர். என்று சொல்லும் டி2 எஃகுதான் வழக்கம். அதில் 12 சதவீதம் அளவுக்குக் குரோமியம். கடினப்படுத்தியபின் 58 முதல் 60 எச்.ஆர்.சி. என்று எழுதிக் கேளுங்கள். வெறும் "ஹார்டு பண்ணிக் கொடுங்க" என்று சொன்னால் என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எஃகுக்குச் சோதனைச் சான்றிதழ் வாங்குங்கள். டெம்பரிங் இரண்டு முறை செய்தார்களா என்று கேளுங்கள். இறுக்கம் தளராத துண்டு, வயர்கட்டில் பாதி வெட்டும்போதே பிளந்துவிடும். அதுவரை போட்ட காசெல்லாம் அந்த ஒரு விரிசலில் போகும்.

விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போது ஒரு சிக்கல் வரும். வி.எம்.சி.க்கு மணிக்கணக்கு, வயர்கட்டுக்குச் சதுர மில்லிமீட்டர், ஹீட் ட்ரீட்மென்டுக்குக் கிலோ என்று ஒவ்வொன்றும் ஒரு கணக்கில் வரும். மொத்தத் தொகையோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: தப்பு வந்தால் டை எத்தனை முறை லாரி ஏற வேண்டும்? கோயம்புத்தூருக்கு இரண்டு முறை கூடுதலாகப் போய்வந்தால், மதுரைக்காரர் கேட்ட அதிகக் கூலி மலிவாகத் தெரியும்.

வேலைக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் போடுங்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு குறித்த காலத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. கெடு டை, மோல்டு, ஜிக் போன்றவற்றுக்கு இல்லை. ஆனாலும் சலான் இல்லாமல் வழியில் நின்றால் பதில் சொல்ல முடியாது. டிராயிங்கும் மெஷின் புரோகிராமும் உங்களுக்கே சொந்தம் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போக அந்த ஒரு வரிதான் வழி.

சீக்கிரம் தேயும் துண்டுகளை முதல் முறையே இரண்டு செட்டாக, ஒரே சூட்டில் கடினப்படுத்தி வாங்கிவிடுங்கள். இரண்டாவது செட்டுக்கு எண்ணெய் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, பெட்டிக்குள் வையுங்கள். மேற்கே இருந்து காற்றும் சாரலும் வருகிற மாதங்களில் கம்பம், கூடலூர்ப் பக்கம் திறந்து கிடக்கும் எஃகு ஒரு வாரத்தில் துருப்பிடித்துவிடும்.