ஆற்றுவாழை

கிட்டங்கி ஆற்றிலிருந்து ஊதாப் பூவுள்ள செடியொன்றைக் கொண்டுவந்து முற்றத்துத் தொட்டியில் இட்டேன். சில கிழமைகளில் தாய்ச்செடியிலிருந்து தண்டுகள் நீண்டு, நுனிகளில் குட்டிச்செடிகள் முளைத்தன. பெருக விதைகூடத் தேவையில்லை!

தென்னமெரிக்கச் செடியான ஆற்றுவாழையை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்களும் என்னைப் போல அழகுக்காகவே கொண்டுவந்தார்கள். அது பரவாது தடுக்க 1909 இலேயே கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நீர்ப்பரப்பை இலைகள் மூடினால் ஒளி உட்புகாது. அடியிலுள்ள தாவரங்கள் மடியும். அழுகும் செடிகள் நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்க, மீன்கள் மூச்சுத் திணறும். அவற்றை அகற்றினாலும் சேற்றில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகளின் பின்னும் முளைக்கும்.

மீன்பிடிக்கப் போன வாப்பா ஒருநாள், தோணியைத் தள்ள வழியில்லாமல் வெறும் வலையோடு திரும்பினார். அன்றுதான் தொட்டியிலிருந்தவற்றை அள்ளி வெயிலில் காயப்போட்டேன். ஆற்றில் வீசவில்லை.