இலைமேல் படரும் பாசி

பெங்களூர் சிவாஜிநகரில் 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள வண்ணமீன் கடைகளில் பாசிக்குப் பரிகாரம் கேட்டுப் போகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு வஸ்துக்கள் கிடைக்கும்: ஒன்று சிறு சீசாவில் அடைத்த மருந்து, மற்றொன்று ‘டேங்க் கிளீனர்’ என்ற பட்டம் பெற்ற சக்கர் மீன். விரல் நீளத்தில் வீட்டுக்கு வரும் அந்த மீன், ஒரு முழத்துக்குமேல் வளர்ந்து, பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் தீனியையே நாடத் தொடங்கியதும், அல்சூர் ஏரியில் விட்டுவிடலாமா என்ற யோசனை வீட்டுக்காரருக்கு உதிக்கும். அந்நிய தேசத்து மீனை நம் ஏரியில் விடுவது ஏரிக்குச் செய்யும் துரோகம்.

பாசி எந்த இலையில் முதலில் படிகிறது என்று கவனிப்பதே, என் அபிப்பிராயத்தில், முதற் சிகிச்சை. வேகமாக வளரும் வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் நீரிலுள்ள சத்துக்களை உறிஞ்சித் துப்புரவாக நிற்க, மெல்ல வளரும் அனுபியாஸின் முதிர்ந்த இலைகளிலேதான் அது குடியேறுகிறது. அத்தகைய இலையைத் தேய்த்துக் கழுவுவது வீண் பிரயாசை. காம்போடு நறுக்கிவிட்டு, விரைந்து வளரும் செடிகளை நெருக்கமாக நட்டுவிட வேண்டும். பாசிக்கு வேண்டியது மிகச் சொற்பம்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசி ஆராய்ச்சிக்கே ஆயுளை அர்ப்பணித்த எம். ஓ. பி. ஐயங்கார் 1932இல் உலகுக்கு அறிவித்த பிரிட்சியெல்லா என்னும் பாசி, வற்றும் மழைக்குட்டையின் ஈரச் சேற்றிலேயே வாழ்ந்துவிடுகிறது.

சிவாஜிநகரின் சந்து வீடுகளில் பகலிலும் வெளிச்சம் குறைவாதலால், தொட்டி விளக்கு காலைக் காப்பி முதல் இரவுச் சாப்பாடு முடியும் வரை எரிவது சகஜம். பாசிக்கு அது விருந்து. டைமர் ஒன்றைப் பொருத்தி, நாளொன்றுக்கு 6 அல்லது 7 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால், செடிக்கு யாதொரு குறைவும் நேராது.

தண்ணீர் விஷயம் இன்னும் சிக்கலானது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றப்பட்டு வரும் காவிரி ஜலமும் போர்வெல் ஜலமும் பல வீடுகளின் சம்ப்பில் ஒன்றாகக் கலக்கின்றன. இந்நகரின் போர்வெல் நீரில் பல இடங்களில் நைட்ரேட் மிகுதியாக இருப்பதால், சுத்தம் செய்வதாக எண்ணித் தண்ணீர் மாற்றுகிறவர் உண்மையில் பாசிக்கு உரமிடுகிறவராகிவிடலாம். ஆகையால், நைட்ரேட் அளக்கும் காகிதப் பட்டையால் முதலில் சோதித்துவிட்டு, காவிரி வரும் நாளில் பிடித்த நீரை, குளோரின் அகல ஓரிரவு திறந்து வைத்து, வாரத்துக்கு மூன்றிலொரு பங்கு மாற்றுவதே உசிதம்.

கறுப்புத் தாடிபோல் இலையோரத்தில் முளைப்பது மட்டும் பிடிவாதமான ஜாதி. தோற்றத்தில் கறுப்பாயினும் குலத்தால் அது சிவப்புப் பாசி. பில்டரை நிறுத்திவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை, 10 லிட்டர் நீருக்கு 4 மில்லிக்கு மிகாமல், ஊசியில்லாத சிரிஞ்சினால் அதன்மேல் மெல்லச் செலுத்தி, கால்மணி கழித்துப் பில்டரை ஓடவிட்டால், சில தினங்களில் அது இளஞ்சிவப்பாகி மடியும். மடிந்த பாசியை இறால்கள் ஆவலோடு தின்றுவிடும். ஆனால் மருந்து செலுத்தும் தினத்தில் அவற்றை வேறு பாத்திரத்தில் வைத்திருப்பது நலம்.