ஈ.ஆர்.பி. இருக்க இன்னொன்று எதற்கு?

எங்கள் பம்ப் தொழிற்சாலையில் ஈ.ஆர்.பி. ஓடிக்கொண்டிருக்கிறது. கொள்முதலுக்குத் தனி மென்பொருளும் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா? – வாசகர், கோயம்புத்தூர்

கொட்டேஷன்கள் வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் வந்து, எக்செலில் ஒப்பிடப்பட்டு, கடைசியில்தான் ஈ.ஆர்.பி.யில் ஆர்டராக ஏறுகின்றனவா? அப்படியானால் தேவைதான்.

ஆர்டர் போட்ட பிறகு வரும் வேலைகளில் ஈ.ஆர்.பி. கெட்டி: சரக்கு வரவு, இருப்பு, பில், ஜி.எஸ்.டி. ஆனால் தாமிரக் கம்பிக்கு ஐந்து பேரிடம் விலை கேட்டு, லாரி வாடகையும் கடன் நாளும் சேர்த்து ஒப்பிட்டு, ஆர்டர் ஏன் இவருக்குப் போனது என்று பதிந்துவைப்பது தனி மென்பொருளின் வேலை. ஈ.ஆர்.பி. ஜாம்பவானான ஜெர்மனியின் எஸ்.ஏ.பி.யே 2012இல் சுமார் 430 கோடி டாலர் கொடுத்து, அரிபா என்ற கொள்முதல் மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. கைவசம் இருந்ததே போதுமென்றால் இவ்வளவு செலவழித்திருக்குமா?

சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் 45 நாள் கெடுவை நினைவூட்டுவதற்காக மட்டும் வாங்க வேண்டாம், அதை ஈ.ஆர்.பி.யிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

டெமோவை உங்கள் பொருள் பட்டியலை வைத்தே காட்டச் சொல்லுங்கள். ஆர்டர் தானாக ஈ.ஆர்.பி.க்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு தடவை டைப் அடிக்க வேண்டியிருந்தால் ஆட்கள் எக்செலுக்கே திரும்பிவிடுவார்கள். ஐந்தாறு சப்ளையர்கள்தான், விலையும் ஆண்டு ஒப்பந்தம்தான் என்றால், வந்த விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.